ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்

மதிப்பிற்குரிய ஐயா,

ஸ்தோத்திரம். எங்கள் அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்கா தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதற்குரிய பணத்தைப் பிறகு தருகிறேன் என்று அம்மா முன்னிலையில் வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை தரவில்லை. அவரும் கேட்டதில்லை. மனம் உறுத்தும்போதெல்லாம் “ஜெபத்தில் வைத்திருக்கிறேன்” என்று தள்ளிவிடுகிறேன். சென்ற ஞாயிறு போதகர், “தாமதமான கீழ்ப்படிதல் கீழ்ப்படியாமையே” என்றார். யோசித்துச் செய்வது தவறா? இத்தனை காலம் கழித்துக் கொடுத்தால் அது கீழ்ப்படிதலில் சேராதா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரருக்கு,

யோசிப்பது தவறில்லை. தேவனுடைய கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொள்ளத் “தாமதியாமல் தீவிரித்தேன்” என்ற 119ஆம் சங்கீதத்தின் 60ஆம் வசனத்தைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு முந்தைய வசனத்தில் அதே மனிதர் தம் வழிகளைச் சிந்தித்துப் பார்த்ததாகச் சொல்கிறார். யோசித்தார், பிறகு விரைந்தார். உங்கள் யோசனையோ வாக்குக் கொடுத்த அன்றே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததற்கு யோசனை என்று பெயர் வைக்காதீர்கள்.

“ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்” என்றால் நம் சபைகளில் பெரும்பாலும் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். வரன் பிடிக்காத வீட்டார் சொல்வது அது. நன்கொடை கேட்டு வந்தவரை வாசலோடு அனுப்பச் சொல்வதும் அதுதான். வழி தெரியாதபோது ஜெபிக்கத்தான் வேண்டும். அக்காவின் பணத்தை அக்காவிடம் கொடுக்கலாமா என்று கர்த்தரிடம் கேட்க என்ன இருக்கிறது? கையில் பொருள் இருக்கும்போது அயலானிடம் “நாளைக்குத் தருவேன்” என்று சொல்லாதே என்று நீதிமொழிகள் 3:28இல் பதில் ஏற்கெனவே இருக்கிறது.

உபாகமம் 24ஆம் அதிகாரம் இன்னும் கறார். கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும். அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. நாம் கீழ்ப்படிதலை நமக்கும் தேவனுக்கும் இடையிலான கணக்காகவே பேசிப் பழகிவிட்டோம். தாமதத்தின் செலவை ஏற்பவர் வேறொருவர். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் உங்கள் அக்கா எந்தச் செலவுக்கு யாரிடம் கடன் கேட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

போதகர் சொன்னதற்கு வருகிறேன். அவர் வாக்கியத்துக்குக் காதேஸ்பர்னேயாவைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை (எண்ணாகமம் 13, 14). தேவன் வாக்களித்த கானான் தேசத்தின் வாசலான அந்த இடத்தில் நின்ற இஸ்ரவேல் ஜனங்கள், அத்தேசத்தைப் பார்த்துவந்த பன்னிரண்டு வேவுகாரரில் பத்துப் பேரின் பேச்சைக் கேட்டு இராமுழுதும் அழுதார்கள். எகிப்துக்கே திரும்பலாம் என்றார்கள். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைய வேண்டும் என்ற தண்டனையைக் கேட்டதும் மறுநாள் அதிகாலையில் எழுந்து, இதோ போகிறோம் என்று மலையேறினார்கள். ஒரே ஒரு நாள்தான் தாமதம். மோசே தடுத்தும் கேட்கவில்லை. தேவன் கூட இருப்பதற்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டி பாளயத்தைவிட்டு நகரவில்லை. அமலேக்கியரும் கானானியரும் அவர்களை ஓர்மா என்ற இடம்மட்டும் முறிய அடித்தார்கள்.

இதை மட்டும் படித்தால் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் 14:25ஐப் பாருங்கள். அவர்கள் ஏறுவதற்கு முன்பே, திரும்பி வனாந்தரத்துக்குப் போங்கள் என்று வேறு கட்டளை வந்துவிட்டது. மலையேறியது பிந்திய கீழ்ப்படிதல் அல்ல, இரண்டாவது மீறல். மத்தேயு 21இல் வரும் மூத்த மகன் கதை வேறு. திராட்சத்தோட்டத்துக்குப் போ என்றபோது மாட்டேன் என்றான்; பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனான். தகப்பன் மாற்றுக் கட்டளை எதுவும் கொடுக்கவில்லை, வேலையும் அங்கேயே இருந்தது. தகப்பனின் சித்தத்தைச் செய்தவன் அவன்தான் என்றாகிறது. உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறார், வாக்கும் நிற்கிறது. ஆகவே நீங்கள் கொடுப்பது சேரும்.

எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய விலையைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான் வரி வசூலித்த சகேயு. நீங்கள் சகேயுவாக வேண்டாம், இன்றைய சந்தை விலையில் பங்கைக் கணக்கிடுங்கள். உயிலில்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சம பங்குதான் தருகிறது. எனவே அக்காவுக்கு ‘உதவி’ செய்வதுபோலக் கொடுக்காதீர்கள்.

முழுத்தொகை கையில் இல்லையென்றால் இருப்பதைக் கொண்டுபோங்கள். மீதிக்குத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். அன்று பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போட்டார், இப்போது நீங்கள் போடுங்கள். சபையில் எழுந்து இதைச் சாட்சியாகச் சொல்லும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது அக்காவின் குடும்ப விஷயமும்கூட. புறப்படுமுன் உங்கள் மனைவியிடம் தொகையைச் சொல்லிவிடுங்கள். கிறிஸ்துமஸ் வரட்டும் என்று மட்டும் வைத்திருக்காதீர்கள்.

அன்புடன்