கோடியும் மில்லியனும்: வாசகர் கேள்விகள்

ஒரே டிவி போட்டி நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம். பெரும்பாலானவர்கள் உச்சப் பரிசைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். எங்களைக் கேட்டால், தோற்றால் எந்தப் படியில் போய் விழுவோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

*

கேள்வி: சன் டிவியில் வந்த 'கோடீஸ்வரன்' இந்தி நிகழ்ச்சியைப் பார்த்துச் செய்ததுதானா? மில்லியன் என்றால் பத்து லட்சம்தானே, நமக்கு மட்டும் எப்படிக் கோடி ஆனது? (திருச்சி)

பதில்: இரண்டுக்கும் தாய் பிரிட்டன் நிகழ்ச்சி. 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்?' 1998 செப்டம்பர் 4 அன்று ஐடிவியில் கிறிஸ் டாரன்ட் நடத்தத் தொடங்கியது. இந்தியில் 2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸில் அமிதாப் பச்சன் வந்தார். அதே ஆண்டு தமிழில் சரத்குமார். பிறகு 2012இல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி', 2019இல் கலர்ஸ் தமிழில் பெண்கள் மட்டுமே ஆடிய, ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி' எல்லாம் அந்தக் குடும்பம்தான். உரிமை வாங்கித்தான் எடுக்கிறார்கள். நடுவில் ஹாட் சீட், கேள்விக்குக் கேள்வி இறங்கும் விளக்கொளி, இதயத் துடிப்பு போன்ற இசை எல்லாம் உரிமையோடு சேர்ந்து வருபவை.

பிரிட்டனின் முதல் படிக்கட்டை எழுதிப் பாருங்கள்: 100, 200, 300, 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000, 32,000, 64,000, 1,25,000, 2,50,000, 5,00,000, 10,00,000 பவுண்டு. 2000இல் இந்தியில் வைத்தது: 1,000, 2,000, 3,000, 5,000, 10,000 என்று போய் 3,20,000, 6,40,000, 12,50,000, 25 லட்சம், 50 லட்சம், 1 கோடி ரூபாய். ஒவ்வொரு படிக்கும் ஒரு பூஜ்யம் சேர்த்து, பவுண்டை எடுத்துவிட்டு ரூபாயைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 64,000க்குப் பின் 1,28,000 வராமல் 1,25,000 வருவதும், நம் படிக்கட்டில் 12,50,000 வருவதும் ஒரே காரணத்துக்காக: இரட்டித்துக்கொண்டே போனால் கடைசியில் முழு மில்லியனில் வந்து நிற்காது, அதனால் நடுவில் ஓரிடத்தில் செதுக்கியிருக்கிறார்கள்.

பத்து லட்சத்தில் நிறுத்தியிருந்தால் பெயர் எடுபட்டிருக்காது. 'கோடீஸ்வரன்' என்ற சொல்லுக்கு நம் காதில் இருக்கும் எடை 'லட்சாதிபதி'க்கு இல்லை. இலங்கையில் சிரச டிவி சிங்களத்தில் 'லக்ஷபதி' என்றே பெயர் வைத்தது. இத்தாலியில் தொடக்கத்தில் உச்சப் பரிசு 100 கோடி லிரா. 2002இல் யூரோ வந்ததும் தலைப்பில் இருந்த 'மிலியார்தாரியோ' (நூறு கோடிக்காரர்) போய் 'மிலியோனாரியோ' (பத்து லட்சக்காரர்) வந்தது. துருக்கியில் இன்னும் வேடிக்கை. 50,000 கோடி லிரா என்று பெயரிலேயே இருந்தது. 2005இல் அரசு நாணயத்தில் ஆறு பூஜ்யத்தை வெட்டியதும் அது 5 லட்சமாகி, நிகழ்ச்சியின் பெயரும் 'யாருக்கு 500 ஆயிரம் வேண்டும்?' என்று மாறியது. ஜப்பானில் உச்சப் பரிசு 1 கோடி யென், அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கும் குறைவு. விளம்பரதாரர்கள் தரும் பொதுப் பரிசுகளுக்கு அங்கே 2006 வரை அதுதான் உச்சவரம்பு. தொகை சிறிது என்பதால் பதற்றம் குறையவில்லை. நடத்துநர் மினோ மோன்டா பதிலைச் சொல்லாமல் போட்டியாளரை முறைத்துப் பார்த்தபடியே வெகுநேரம் நிற்பது அந்நாட்டில் பெயர்பெற்றது.

*

கேள்வி: 25 லட்சம் கையில் இருக்கிறது, அடுத்த கேள்வி 50 லட்சம். இரண்டு விடைகளுக்கு நடுவில் சந்தேகம். ஆடலாமா, எழுந்து வரலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: மேலே சொன்ன ரூபாய்ப் படிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். பாதுகாப்புப் படிகள், அதாவது தாண்டிவிட்டால் பிறகு தவறான விடை சொன்னாலும் கையில் மிஞ்சும் தொகைகள், 10,000, 3,20,000. கணக்கு எளிது. கையில் இருப்பதில் இருந்து பாதுகாப்புத் தொகையைக் கழியுங்கள். அடுத்த பரிசில் இருந்தும் அதே தொகையைக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், உங்களுக்கு எத்தனை சதவீத நம்பிக்கை இருந்தால் ஆடலாம் என்பது வந்துவிடும்.

11ஆம் கேள்விக்கு இந்தக் கணக்கே வேண்டாம். 3,20,000 கையில், தவறினாலும் 3,20,000. குருட்டாம்போக்கில் அடித்தாலும் நஷ்டமில்லை, அங்கே எழுந்து வருபவர் வீணாக்குகிறார். 12ஆம் கேள்விக்கு 34 சதவீதம் போதும். 13க்கு 43. நீங்கள் கேட்ட 14ஆம் கேள்விக்கு 25 – 3.2 = 21.8, 50 – 3.2 = 46.8, வகுத்தால் ஏறக்குறைய 47 சதவீதம். கடைசிக் கேள்விக்கு 48. ஆக, இரண்டு விடைகளுக்கு நடுவில் உண்மையாகவே சரிபாதி சந்தேகம் என்றால் கணக்கு 'ஆடு' என்கிறது, ஆனால் நூலிழையில். 21,80,000 ரூபாய் போனால் வீட்டு நிலைமை என்ன ஆகும் என்பது அந்த வகுத்தலில் இல்லை. கடனும் பிள்ளைகள் படிப்பும் முன்னால் நிற்கிறவர் எழுந்து வருவதை நாங்கள் தவறு என்று சொல்லமாட்டோம்.

இதையே ஜெர்மனியில் போட்டுப் பாருங்கள். அங்கே ஆர்டிஎல் டிவியில் 1999 முதல் குந்தர் யாவ் நடத்தும் நிகழ்ச்சியில் 13ஆம் படி 1,25,000 யூரோ, அதற்கு அடுத்த படி நேராக 5,00,000. நடுவில் இரண்டரை லட்சம் என்ற படியே கிடையாது. பாதுகாப்பு 16,000. கழித்து வகுத்தால் 1,09,000க்கு 4,84,000, அதாவது 22.5 சதவீதம். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே 25 சதவீதம்! ஒரே ஒரு படியை எடுத்ததால் 'நன்றாகத் தெரிந்தால் மட்டும் ஆடு' என்ற இடம் 'தெரியாவிட்டாலும் ஆடு' என்று ஆகிவிட்டது. 2007 முதல் அங்கே இன்னொரு வழியும் உண்டு. நான்காவதாக ஒரு லைஃப்லைன் (நண்பருக்குப் போன், ஆடியன்ஸ் வாக்கு போன்ற உதவி) வேண்டுமென்றால் 16,000 பாதுகாப்பைத் தொடக்கத்திலேயே விட்டுக்கொடுக்க வேண்டும். விழுந்தால் 500 யூரோ. அப்படி ஆடுகிறவருக்கு அதே 14ஆம் கேள்வியில் தேவைப்படும் நம்பிக்கை 24.9 சதவீதம். அப்போதும் குருட்டு அதிர்ஷ்டத்துக்குள் அடங்குகிறது. கணக்கு அப்படிச் சொன்னாலும், ஒரு லட்சம் யூரோவைத் தூக்கிப் போட மனம் வருவது வேறு விஷயம்.

2018இல் பிரிட்டனில் ஜெரமி கிளார்க்சன் நடத்த வந்தபோது இரண்டாவது பாதுகாப்புப் படியை ஆடுகிறவரே வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். 1,000 பவுண்டு தாண்டிய பிறகு, அடுத்த கேள்வி திரையில் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கேள்வியைப் பார்த்துவிட்டு வைக்க முடியாது. சீக்கிரம் வைத்தால் வீண், தள்ளிப்போட்டுக்கொண்டே போய்த் தவறினால் 1,000 பவுண்டோடு வீட்டுக்கு. இத்தனை பதிப்புகளில் ஆடுகிறவர் கையில் அதிகம் கொடுத்த விதி இதுதான் என்று நினைக்கிறோம்.

*

கேள்வி: நண்பருக்குப் போன் செய்வது நல்லதா, ஆடியன்ஸ் வாக்கு நல்லதா? (நாகர்கோவில்)

பதில்: அமெரிக்கப் பதிப்பின் தொடக்க ஆண்டுகளில் ஆடியன்ஸ் வாக்கு ஏறக்குறைய 91 சதவீதமும், போனில் வந்த விடை 65 சதவீதமும் சரியாக இருந்தன. இதை வைத்து 'கூட்டத்துக்குத்தான் அறிவு அதிகம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆடியன்ஸை எளிய கேள்விகளுக்கும், நண்பரைக் கடினமான கேள்விகளுக்கும் பயன்படுத்துவதே வழக்கம். இரண்டுக்கும் ஒரே வினாத்தாள் இல்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சினிமா, சமையல், அன்றாடச் செய்தி என்றால் ஆடியன்ஸ். வேதியியல், பழைய வரலாறு என்றால் அந்தத் துறை தெரிந்த நண்பர். கிடைப்பது 30 விநாடி. கேள்வியைச் சுருக்கிச் சொல்லி, நான்கு விடைகளையும் வாசித்து, 'எத்தனை சதவீதம் உறுதி?' என்று கேட்கவும் அதற்குள் நேரம் வேண்டும். நலம் விசாரிப்பதில் பத்து விநாடி போய்விடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு.

இணையம் வந்ததும் இந்த லைஃப்லைன் ஆட்டம் கண்டது. எதிர்முனையில் இருப்பவர் தேடிப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதனால் 2010 ஜனவரியில் அமெரிக்கா அதை எடுத்தேவிட்டது. 2008இலேயே கேள்விக்கு நேர வரம்பும் வைத்திருந்தார்கள்: முதல் ஐந்துக்கு 15 விநாடி, அடுத்த ஐந்துக்கு 30, பிறகு 45. பிரிட்டனில் நண்பரின் பக்கத்தில் நிகழ்ச்சிக் குழுவைச் சேர்ந்த ஒருவரை உட்கார வைத்தார்கள். இந்தியில் 2020இல் கொரோனாவால் அரங்கில் கூட்டமே இல்லாதபோது, ஆடியன்ஸ் வாக்குக்குப் பதிலாக வீடியோ அழைப்பு வந்தது.

*

கேள்வி: ஒரு கோடி ஜெயித்தால் கைக்கு எவ்வளவு வரும்? (விழுப்புரம்)

பதில்: இந்தியாவில் போட்டிப் பரிசுக்குத் தனி விகிதம், 30 சதவீதம். சம்பளத்துக்கு இருக்கும் அடிப்படை விலக்கு இதற்குக் கிடையாது. காசோலை எழுதும்போதே 30 லட்சத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதோடு முடியவில்லை. வேறு வருமானமே இல்லாதவருக்கு அந்த வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜ் (கூடுதல் வரி) 3 லட்சம், மொத்தத்தின் மேல் 4 சதவீத செஸ் 1,32,000. இந்த 4,32,000 ரூபாயைக் கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன் நீங்களே கட்ட வேண்டும். நிகரம் 65,68,000. ஜெயித்த மகிழ்ச்சியில் பணத்தைச் செலவழித்துவிட்டு இந்தப் பாக்கியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பரிசு காராக இருந்தால், வரி கட்டியது உறுதியான பிறகே சாவியைத் தரலாம். பிரிட்டனில் இந்தப் பரிசுக்கு வருமான வரி இல்லை. அமெரிக்காவில் அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்த்து வரி.

*

கேள்வி: 'டீலா நோ டீலா'வில் கேள்வியே இல்லை. இது என்ன போட்டி? மற்ற நாடுகளிலும் அப்படித்தானா? (மதுரை)

பதில்: ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தொகை மறைந்திருக்கும். ஒன்றை உங்களுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திறந்துகொண்டே போக வேண்டும். சன் டிவியில் ரிஷி நடத்திய அந்த ஆட்டம் நெதர்லாந்தில் பிறந்தது, 2002இல். அங்கே 26 பெட்டி, உச்சப் பரிசு 50 லட்சம் யூரோ. ஆனால் பெட்டிக்கு முன் நிற்க வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான பேரோடு வினாடி வினாவில் மோதி ஜெயிக்க வேண்டும். அமெரிக்கா 26 பெட்டியை வைத்துக்கொண்டு வினாக்களை விட்டுவிட்டது. பெட்டியை மாடல்கள் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பிரிட்டனில் 22 பெட்டி, அங்கே வந்த முதல் பதிப்பில் உச்சம் 2,50,000 பவுண்டு. பெட்டிக்குப் பின்னால் நிற்பவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் மற்ற போட்டியாளர்கள். அதனாலேயே அங்கே ஒருவர் தோற்றால் அரங்கமே அழும்.

26 பெட்டி ஆட்டத்தில் திறக்கும் வரிசை 6, 5, 4, 3, 2, பிறகு ஒவ்வொன்றாக. ஒவ்வொரு சுற்று முடிவிலும் வங்கிக்காரர் உங்கள் பெட்டிக்கு விலை சொல்வார். ஏற்றால் 'டீல்', அந்தப் பணத்தோடு ஆட்டம் முடியும். மறுத்தால் ஆட்டம் தொடரும். மீதித் தொகைகளைக் கூட்டி, பெட்டி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். முதல் சுற்றில் அந்தச் சராசரியில் ஒரு சிறு பங்குதான் சொல்வார்கள், போகப் போகச் சராசரியை நெருங்கும். அவசரப்பட்டு முதலிலேயே டீல் சொல்வது பெரும்பாலும் நஷ்டம்.

நெதர்லாந்தில் ஒருவர் ஆடியதை 2008இல் வெளியான ஓர் ஆய்வு படிப்படியாகக் காட்டியது. நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா மூன்றிலும் ஆடியவர்களை ஒப்பிட்ட அந்த ஆய்வுக் குழுவில், பின்னாளில் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் இருந்தார். ஐந்து பெட்டி மீதம்: அரை யூரோ, 10, 20, 10,000, 5,00,000. வங்கிக்காரர் 75,000 சொன்னார். மறுத்தார். திறந்தது 5,00,000 பெட்டி. அடுத்த விலை 2,400. மறுத்தார். பிறகு 3,500. மறுத்தார். கடைசியில் மீதம் 10, 10,000. சராசரி 5,005தான், வங்கிக்காரர் சொன்னதோ 6,000. சராசரியை விட அதிகமாகத் தந்தும் மறுத்து, 10 யூரோவோடு போனார். 75,000ஐப் பார்த்துவிட்ட கண்ணுக்கு 6,000 காசாகவே படவில்லை. தொகை பெரியதா சிறியதா என்பதை அதன் மதிப்பை வைத்து மட்டும் அல்ல, தொடக்கத்தில் பலகையில் பார்த்த எண்களோடு ஒப்பிட்டும் ஆடுகிறவர்கள் முடிவு செய்கிறார்கள் என்பது ஆய்வின் கண்டுபிடிப்பு. உச்சப் பரிசு வெறும் இரண்டரை லட்சம் யூரோவாக இருந்த ஜெர்மனியிலும் ஆட்டம் அதே அளவு சூடு பிடித்தது இதனால்தான்.

*

கேள்வி: அமெரிக்க 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' போல எழுத்து கண்டுபிடிக்கும் ஆட்டத்தைப் பள்ளி விழாவில் தமிழில் நடத்த ஆசை. எப்படி? (தஞ்சாவூர் ஆசிரியை)

பதில்: மறைத்து வைத்த வாசகத்தை எழுத்து எழுத்தாகக் கண்டுபிடிக்கும் ஆட்டம் அது. அங்கே 26 எழுத்து. மெய்யை இலவசமாகக் கேட்கலாம், உயிரை 250 டாலர் கொடுத்து வாங்க வேண்டும். தமிழில் 247 எழுத்தையும் தனித்தனியாகக் கேட்க விட்டால் ஆட்டம் நகராது. 'கு' இருக்கிறதா, 'கூ' இருக்கிறதா என்று கேட்டே மணியடித்துவிடும். அதனால் மெய் வரிசையைக் கேட்க விடுங்கள், உயிரை விற்றுவிடுங்கள்.

'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்று வைத்துக்கொள்வோம். 5, 2, 5 என்று 12 கட்டம். ஒருவர் 'க வரிசை' என்றால் நான்கு கட்டத்தில் வெறும் 'க' வர வேண்டும். அதில் இரண்டு 'க்', இரண்டு 'கு'. புள்ளியை உடனே வைத்துவிடுங்கள். அதையும் மறைத்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள். 'உ' வாங்கினால் இரண்டு 'கு'வும் 'று'வும் முழுமையாகும். 'ற' இன்னும் திறக்காமல் இருந்தால் அந்தக் கட்டத்தில் 'உ' என்று மட்டும் சிறிதாக எழுதுங்கள். 'அ' வாங்கினால் 'அடி'யின் 'அ' வரும், 'ச'வுக்கு வேறு குறி வராது என்பதும் உறுதியாகும்.

அட்டை வெட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'னை' போல ஐகாரக் குறி, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எல்லாம் எழுத்துக்கு முன்னால் வரும். 'கொ', 'கௌ' இரு பக்கமும் பிடிக்கும். எழுத்தைக் கட்டத்தின் நடுவில் எழுதி இரண்டு பக்கமும் இடம் விடாவிட்டால், குறி வாங்கும்போது அட்டையையே மாற்ற வேண்டியிருக்கும். எல்லாக் கட்டமும் ஒரே அகலத்தில் இருக்கட்டும். 'கௌ'வுக்கு மட்டும் அகலமாக வெட்டினால், விடை அங்கேயே தெரிந்துவிடும்.