கொல்லைப்புறத்துத் தையல்சிட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டைச் சுற்றி முன்புறம் செம்பருத்தியும் இட்லிப்பூவும், கொல்லையில் வாழை, முருங்கை, கறிவேப்பிலை, இரண்டு எலுமிச்சை, ஓர் இளம் அத்தி. சென்ற ஆண்டு என் மகன் தூரத்தில் இருப்பதையும் பெரிதாக்கிக் காட்டும் கேமரா ஒன்றை வாங்கித் தந்தான். அதிலிருந்து காலை நேரம் முழுவதும் கொல்லையில்தான் கழிகிறது.

ஆவணி மாதத்தில் அத்தியிலையைத் தைத்து ஒரு தையல்சிட்டு கூடு கட்டியது. குஞ்சு பொரித்ததும் படம் எடுக்க ஆசைப்பட்டேன். இலைகள் மறைத்ததால் முன்னால் இருந்த இரண்டு இலைகளைக் கிள்ளிவிட்டேன். நான்கு நாட்கள் அருகில் நின்று எடுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் கூடு கிழிந்து தொங்கியது, குஞ்சுகள் இல்லை. காக்கைதான் தூக்கியிருக்கும் என்றார் வீட்டுக்காரர். என்னால்தான் என்று என் மனம் சொல்கிறது. உண்மையைச் சொல்லுங்கள்.

இனி எப்படிப் படம் எடுப்பது, பறவைகளுக்குத் தீனி வைக்கலாமா என்பதையும் எழுதுங்கள். காட்டுக்குப் போக முடியாத என் போன்றவர்கள் வீட்டுத் தோட்டத்தில் நாலு குருவியைப் பார்ப்பதால் யாருக்காவது பயன் உண்டா? இத்துடன் ஒரு படம் அனுப்பியுள்ளேன். தேன்சிட்டுப் போல இருக்கிறது. ஆனால் நெஞ்சின் நடுவே கறுப்புக் கோடு ஓடுகிறது. இது என்ன பறவை?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மா,

உண்மையைக் கேட்டிருக்கிறீர்கள், அதையே முதலில் சொல்கிறேன். நீங்கள் இலையைக் கிள்ளியது காரணமாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தையல்சிட்டின் கூட்டுக்கு வேறு காவல் கிடையாது. மறைவு ஒன்றுதான் அதன் காவல். அந்த மறைவை எடுத்துவிட்டால் காக்கைக்கும் வால்காக்கைக்கும் செம்போத்துக்கும் அது திறந்து வைத்த பாத்திரம். தவிர, இறகு முளைக்காத குஞ்சுகளுக்கு உடல் வெப்பத்தைத் தாமே சமன்செய்துகொள்ளும் திறன் வந்திருக்காது என்பதால், இலைநிழல் போன இடத்தில் உச்சி வெயில் ஒரு மணி நேரம் விழுந்தாலே அவை தாங்கமாட்டா. காக்கை மிகுந்த அறிவுள்ள பறவை. ஒரு மனிதர் தினமும் ஒரே செடியருகில் போய் நிற்பதையும், அப்போது ஒரு சிறு குருவி பதறிக் கத்துவதையும் அது கூரையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு வந்தது நானும் அதே தவற்றைச் செய்ததால்தான். பல ஆண்டுகளுக்கு முன் தென்காசியில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்துக் கொடியில் கொண்டைக்குருவி கூடு வைத்தது. கைக்கெட்டும் உயரம். நாள்தோறும் முக்காலி போட்டு எடுத்தேன். குஞ்சுகளுக்கு இறகு பாதி வளர்ந்திருந்த ஒரு மாலையில் நான் முக்காலியில் ஏறியதும் மூன்று குஞ்சுகளும் ஒரே நேரத்தில் கூட்டிலிருந்து குதித்துவிட்டன. பறக்கும் பருவம் வருவதற்கு முன்பே அச்சத்தால் கூட்டைவிட்டுக் குதிப்பது குஞ்சுகளின் இயல்பு என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. இரண்டைத் தேடிப் பிடித்துக் கூட்டில் வைத்தேன். அவை மறுபடியும் குதித்தன. இருட்டிய பிறகு தாய்ப்பறவை வாயில் ஒரு புழுவுடன் வெற்றுக் கூட்டின் விளிம்பில் வந்து அமர்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தக் கூட்டையும் நான் படம் எடுத்ததில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதோடு, முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் தொந்தரவு செய்வதையும் சேர்த்திருக்கிறது. உங்களை அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. துப்பாக்கி எடுப்பதற்கும் கூட்டைக் கலைப்பதற்கும் ஒரே சொல் போதும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் தையல்சிட்டு கூடு கட்டுவதைத் தூரத்திலிருந்து பார்ப்பதில் ஒரு தவறும் இல்லை. பார்க்காமல் விட்டால்தான் இழப்பு. அடுத்த முறை சமையலறைச் சன்னலிலிருந்து பாருங்கள். தைப்பது பெண்பறவை. இலையின் ஓரத்தில் ஊசிமுனை போன்ற அலகால் ஒரு துளை இடும். பிறகு சிலந்தி நூலையோ இலவம்பஞ்சுத் துணுக்கையோ நாரையோ கொண்டுவந்து துளையின் வழியே இழுத்து எதிர் ஓரத்தோடு சேர்க்கும். முடிச்சு என்று எதுவும் போடாது. இழுத்த நாரின் நுனி மறுபுறத்தில் பிரிந்து பஞ்சாகப் புடைத்துக்கொள்வதால் அது திரும்ப உருவிக்கொண்டு வருவதில்லை. அவ்வளவுதான் அதன் தையல். துளைகள் மிகச் சிறியவை என்பதால் இலை வாடுவதில்லை. பச்சையாகவே இருப்பதால்தான் நூறு இலைகளுக்கு நடுவே அந்த ஓர் இலை நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இவ்வளவு பாடுபட்டுக் காத்த மறைவை நாம் இரண்டு விரலால் கிள்ளிவிடுகிறோம்.

இனி, படம் எடுக்கும் முறை. நீங்கள் பறவையிடம் போகாதீர்கள்; பறவை உங்களிடம் வரட்டும். இது ஒன்றைத் தவிர வீட்டுத் தோட்டத்துக்கென்று தனி விதி எதுவும் இல்லை. காட்டில் ஒரு பறவையை ஒருமுறை காண்போம். அது பறந்துவிட்டால் போயிற்று. வீட்டிலோ அதே பறவை நாளையும் அதே நேரத்தில் அதே கிளைக்கு வரும். காட்டுக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. அதை வைத்துக்கொண்டு நாம் ஏன் கேமராவோடு செடிக்குச் செடி துரத்த வேண்டும்?

அகலமான மண்தட்டு ஒன்றில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு கல்லை வையுங்கள். பளபளப்பான பீங்கானும் பிளாஸ்டிக்கும் வேண்டாம், கால் வழுக்கும். பூனை பதுங்க முடியாதபடி செடியிலிருந்து சற்றுத் தள்ளியும், ஆபத்தென்றால் பறவை ஒரே தாவலில் கிளைக்குப் போகும்படி அருகிலும் இருக்க வேண்டும். நாளுக்கொரு முறை கழுவி மாற்றினால் கொசுப்புழு வளராது. தட்டின் பக்கத்தில் காய்ந்த சுள்ளி ஒன்றைச் சாய்வாக ஊன்றுங்கள். தண்ணீரில் இறங்கும் முன் பறவை அந்தச் சுள்ளியில் அமர்ந்து நாலு பக்கமும் பார்க்கும். நீங்கள் எடுக்க வேண்டிய படம் அங்கேதான் இருக்கிறது. சுள்ளிக்குப் பின்னால் பத்தடியாவது வெற்றிடமும் அதற்கப்பால் வாழை போன்ற பசுமையும் இருந்தால் பின்புலம் கலங்கிய பச்சையாக விழும்.

நீங்கள் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு, சன்னல் திரையில் ஒரு கையகலம் விட்டு, பலகையில் அமர்ந்துகொள்ளுங்கள். பறவையின் கண்மட்டத்துக்குக் கேமரா இறங்கியிருப்பது முக்கியம். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் முதுகுதான் தெரியும். காலை ஏழிலிருந்து ஒன்பது வரைக்கும் வெளிச்சம் மென்மையாக இருக்கும். தையல்சிட்டும் தேன்சிட்டும் ஒரு நொடி சும்மா இருக்காதவை. ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும், அதற்காகக் கேமராவின் ஒளியுணர் அளவான ஐ.எஸ்.ஓ. கூடிப் படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை. ஃபோகஸ் கண்ணில் விழ வேண்டும். பளிச்சென்று ஒளி வீசும் ஃபிளாஷ் வேண்டாம். கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் அயலான் புகுந்துவிட்டான் என்று நம்பி அது தீனியையும் கூட்டையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும். வாகனத்தின் பக்கக் கண்ணாடியில் தேன்சிட்டு தன் பிம்பத்தோடு மணிக்கணக்கில் சண்டையிடுவதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அதுவும் இதே துன்பம்தான். கண்ணாடியின்மேல் ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள்.

எங்கள் தட்டுக்குக் காலையில் முதலில் வருபவை தவிட்டுக் குருவிகள். ஏழெட்டு சேர்ந்து வரும். எல்லாம் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. ஒன்று மட்டும் முருங்கைக் கிளையில் உயரமாக அமர்ந்து காவல் இருக்கும், மற்றவை குளிக்கும். சிறிது நேரம் கழித்துக் குளித்த ஒன்று நனைந்த இறகோடு மேலே போகும், காவல் இருந்தது கீழே வரும். ஒருநாள் காவல் பறவை குரல் கொடுத்ததும் எல்லாம் செடிக்குள் மறைந்தன. அடுத்த கணம் வைரி என்னும் சிறு வேட்டைப்பறவை ஒன்று தட்டின்மேல் தாழப் பறந்து வெறுங்காலோடு போயிற்று. நான் கேமராவை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அந்த முறைமாற்றம் ஒரு படத்தில் அடங்கியிருக்காது. குறிப்பேட்டில் நாளும் நேரமும் எழுதி வைத்தேன். நீங்களும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கைக்கு அது புதிதல்ல.

தீனி வைப்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. அரிசியும் கம்பும் இறைத்தால் புறாவும் மைனாவும் காக்கையும் பெருகும். தையல்சிட்டுக்கும் மாம்பழச்சிட்டுக்கும் வேண்டியது பூச்சியும் புழுவும். தேன்சிட்டுகூடத் தேன் குடித்துத்தான் வாழ்கிறதே தவிர, குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் சிலந்தியையும் சிறு பூச்சியையும்தான். ஆகவே கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இருக்கும் புழுவுக்கு மருந்தடிக்காமல் இருப்பதே நீங்கள் இடக்கூடிய நல்ல விருந்து. எச்சம் போலத் தோன்றும் அந்தச் சிறு புழுக்கள் வளர்ந்தால் பச்சை நிறமாகிப் பின் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியாகும். பாதி பறவைக்குப் போகும், மீதி உங்கள் செம்பருத்தியைச் சுற்றும். இலை கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளலாம். காக்கைக்குச் சோறு வைப்பதை விட்டுவிடச் சொல்லமாட்டேன். நாம் உண்ணும் முன் அதற்கு வைப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு நடப்பது. ஆனால் அந்தச் சோற்றைக் கொல்லைச் சுவரில் வைக்காமல் வாசல்பக்கமோ மொட்டை மாடியிலோ வையுங்கள். கூடிருக்கும் செடிகளின் தலைக்கு மேல் காக்கைகளை நாமே தினமும் அழைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் செய்யலாம். கொல்லையின் ஒரு மூலையில் சருகைப் பெருக்காமல் விட்டுவிடுங்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் ஆறுமணிக் குருவி, ஐப்பசி வாக்கில் தெற்கே வந்து தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பனிக்காலத்தைக் கழிக்கிறது. காலையும் மாலையும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். சருகைப் புரட்டிப் புழு தின்னும் பறவை அது. சிமெண்டுத் தரையில் அதற்கு வேலை இல்லை. எங்கள் கிணற்றடி மூலையில் சருகைச் சேரவிட்ட மூன்றாம் ஆண்டு அது வந்தது. பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு மார்பு, வாலடியில் கருஞ்சிவப்பு. பத்து நாட்கள் இருந்தது.

யாருக்காவது பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக உண்டு. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்டு தளத்தில் பதிந்த கணக்குகளைக் கொண்டு 942 இனங்களின் நிலையை ஆராய்ந்தது. குயிலும் மயிலும் பெருகி வருவதும், நம் வயல்வெளிக் கம்பிகளில் சாதாரணமாகக் கண்ட பனங்காடை வேகமாகக் குறைந்து வருவதும் அப்படித்தான் தெரிய வந்தன. அந்தக் கணக்குகளைத் தந்தவர்கள் எல்லோரும் ஆய்வாளர்கள் அல்லர். உங்களைப் போல வீட்டிலிருந்து எண்ணியவர்களும் அவர்களில் உண்டு. தமிழ்நாட்டில் 2015இலிருந்து பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து கண்டதையும் கேட்டதையும் எண்ணிப் பதிந்தால் போதும். பிப்ரவரியில் உலக அளவில் நடக்கும் வீட்டுப்புறக் கணக்கெடுப்பு 1998இல் வட அமெரிக்காவில் தொடங்கியது; 2013 முதல் இந்தியாவும் பங்கேற்கிறது. வரும் பொங்கலுக்கு உங்கள் கொல்லையிலிருந்து ஒரு பட்டியல் வரட்டும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள். எங்கும் இருப்பது என்று எண்ணாமல் விட்டதால்தான் சில பறவைகள் குறைந்ததையே நாம் தாமதமாக அறிந்தோம்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய படம். அது புதுப் பறவை அல்ல; ஊதாத் தேன்சிட்டின் ஆண். இனப்பெருக்கக் காலத்தில் உடல் முழுவதும் கருநீலமாக மின்னும் அது, அந்தக் காலம் முடிந்ததும் இறகு உதிர்த்துப் பெண்ணைப் போல மங்கிய மஞ்சளுக்கு மாறிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சமாக நிற்கும். உங்கள் படத்தில் தோளருகே ஒரு நீலப் பொட்டும் தெரிகிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.

இனி அது மெல்ல மெல்ல மறுபடியும் கறுக்கத் தொடங்கும். முன்வாசல் இட்லிப்பூவுக்கு நேரே உள்ள சன்னலிலிருந்து வாரத்துக்கு ஒரு படம், ஒரே இடத்தில் அமர்ந்து, தேதி குறித்து எடுத்து வாருங்கள். தையிலோ மாசியிலோ கடைசி மஞ்சள் இறகும் போய்விட்ட நாளன்று அவ்வளவு படங்களையும் வரிசையாக வைத்து எனக்கு அனுப்புங்கள். தையல்சிட்டு அதற்குள் வேறொரு செடியில் மீண்டும் தைத்திருந்தால் கூட்டைத் தேட வேண்டாம். அதன் குரல் கேட்டது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்