அட்டெஸ்ட் என்னும் வினைச்சொல்: கேள்வி பதில்

தாராபுரம் வாசகர்: அட்டெஸ்ட், டெஸ்டிஃபை இரண்டும் ஒன்றுதானே?

வேர் ஒன்று, லத்தீனில் சாட்சியைக் குறிக்கும் 'டெஸ்டிஸ்'. கூண்டேறி வாயால் சொல்வது டெஸ்டிஃபை. பார்த்ததற்கு அடையாளமாகக் கையொப்பமிடுவது அட்டெஸ்ட். உயிரற்ற பொருளும் இதற்கு எழுவாயாகும்: காலிங்கராயன் வாய்க்காலில் இன்றும் நீர் ஓடுவது, வெட்டியவர்களின் திறமைக்கு அட்டெஸ்ட் செய்கிறது எனலாம். அப்போது பின்னால் 'டு' சேர்க்க மறக்காதீர்கள்.

திருப்பூர் வாசகர்: மதிப்பெண் பட்டியல் நகலில் பச்சை மையில் அதிகாரி இடுவது?

அதுவும் இதே சொல்தான், தமிழில் சான்றொப்பம். நகல் அசலோடு ஒத்திருக்கிறது என்பதற்கு மேல் அதில் பொருளில்லை.

பெருந்துறை வாசகர்: பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், உள்ளே எழுதியிருப்பதற்கெல்லாம் நான் பொறுப்பா?

இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 3ஆம் பிரிவில், எழுதிக்கொடுப்பவர் கையொப்பமிடுவதைக் கண்டோ, அது தம்முடையதே என்று அவர் நேரில் ஒப்புக்கொள்ளக் கேட்டோ, அவர் முன்னிலையில் ஒப்பமிடுபவரையே சாட்சி என்கிறது. இருவர் வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆளைக் காணாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோபி வாசகர்: ஏற்க இயலவில்லை, ஐயா. பழைய கல்வெட்டுகளில் சாட்சிகள் 'இப்படி அறிவேன்' என்றல்லவா எழுதினார்கள்? அறிவது உள்ளடக்கத்தை அல்லவா?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 'அறிவேன்' அகன்ற சொல். நடந்த செய்தியையே தாம் அறிந்ததாகச் சொல்வது. அட்டெஸ்ட் அதைவிடக் குறுகியது. சாட்சி ஒப்பம் ஒன்றை மட்டும் வைத்து, உள்ளடக்கம் அவருக்குத் தெரியும் என்று நீதிமன்றங்கள் கொள்வதில்லை.

கோபி வாசகர்: அப்படியானால் அந்தச் சாட்சியால் என்ன பயன்?

உயிலை எண்ணிப் பாருங்கள். 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் அதற்கு இரண்டு சாட்சிகள் கேட்கிறது. எழுதியவர் இறந்தபின் வழக்கு வந்தால், உயிருடன் உள்ள சாட்சிகளில் ஒருவரையாவது நீதிமன்றம் அழைத்துக் கேட்டே தீரும். உங்கள் 'அறிவேன்' அங்கேதான் டெஸ்டிஃபை ஆகிறது. தொண்ணூறு வயதுக்காரரைச் சாட்சியாக்குவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கரூர் வாசகர்: மொழி நூல்களில் ஒரு சொல் 'அட்டெஸ்டட்' என்கிறார்களே?

எழுத்தில் சான்று கிடைத்தது என்று பொருள். ஆதன் என்ற பெயருக்கு உங்கள் புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டே சான்று.

பொள்ளாச்சி வாசகர்: அட்டெஸ்டும் டெஸ்டிஃபையும் ஒன்றா?

தாராபுரத்தாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அந்தியூர் வாசகர்: வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழை எங்கே அட்டெஸ்ட் செய்வது?

என் துறையன்று, வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

காங்கேயம் வாசகர்: பங்காளி ஏற்கெனவே ஒப்பமிட்ட பத்திரத்தை அவர் மகன் கொண்டுவந்து, சாட்சி போடச் சொல்கிறார்.

மறுபடியுமா? பங்காளியே உங்கள் எதிரில், 'இது என் கையெழுத்து' என்றால் போடலாம். மகன் சொன்னால் பேனாவை மூடிவிடுங்கள்.