ஹபிளின் நிறமாலைக் கோப்புகளில் எதைத் திறப்பது, எதை நம்புவது?

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் நிறமாலைக் கருவியான ஸ்டிஸில், சிசிடி உணரி எடுத்த தரவை இறக்கியிருக்கிறீர்கள். பெயர் ஒன்றாக இருக்க, ரா, எஃப்எல்டி, சிஆர்ஜே, எஸ்எக்ஸ்1 என்று வால் மட்டும் மாறிப் பல கோப்புகள் வந்திருக்கின்றன. எதைத் திறப்பது, அதிலுள்ள ஃப்ளக்ஸை (ஒவ்வொரு அலைநீளத்திலும் வந்து சேரும் ஒளியாற்றலின் அளவை) அப்படியே நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

நிறமாலைதான் வேண்டும் என்றால் எஸ்எக்ஸ்1. புற ஊதாவுக்கான மாமா உணரியில் எடுத்ததாக இருந்தால் அதே வேலைக்கு எக்ஸ்1டி. மற்றவை அதற்கு முந்தைய படிகள்: ரா என்பது தொலைநோக்கி அனுப்பியபடியே இருப்பது, எஃப்எல்டி என்பது உணரியின் சீரின்மையைத் திருத்திய படம், சிஆர்ஜே என்பது காஸ்மிக் கதிர்க் கீறல்களை நீக்கிச் சேர்த்த படம்.

திறந்ததும் அட்டவணையில் ஒரே வரிசைதான் இருக்கும். பயப்பட வேண்டாம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 1024 எண்கள் இருக்கின்றன. நிறமாலையைப் பல துண்டுகளாகப் பிரித்துப் பதியும் எஷெல் தரவில் மட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் (ஆர்டர்) ஒரு வரிசை வரும்.

அதில் கிராஸ், பேக்கிரவுண்ட், நெட் என்று மூன்று பத்திகளைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் எடைமேடைச் சீட்டு ஞாபகம் வந்தது. ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. தேங்காய் லாரி வேலந்தாவளம் சாலையில் எடைமேடை ஏறினால் சீட்டில் கிராஸ், டேர் (வெறும் லாரியின் எடை), நெட் என்றுதான் அச்சாகும். அப்பா முதலில் கேட்பது, "டேர் சரியா போட்டிருக்கானா பாரு" என்றுதான். இங்கேயும் அதேதான். கிராஸில் பேக்கிரவுண்டை, அதாவது அந்தப் பொருளிலிருந்து வராத பின்னணி அளவை, கழித்தது நெட், வினாடிக்கு இத்தனை எண்ணிக்கை என்ற கணக்கில். மங்கலான பொருளில் பேக்கிரவுண்டு கிராஸுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்த இடத்து ஃப்ளக்ஸ் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

நெட்டை ஃப்ளக்ஸாக மாற்றுவது உணர்திறன் கணக்கு. ஸ்டிஸ் 1997-ல் பொருத்தப்பட்டு, 2004-ல் நின்று, 2009-ல் விண்வெளி வீரர்கள் பழுது பார்த்த கருவி. காலப்போக்கில் அதன் உணர்திறன் மாறுகிறது, அதையும் திருத்தித்தான் ஃப்ளக்ஸ் தருகிறார்கள். அதனால் வெவ்வேறு ஆண்டுகளை ஒப்பிட ஃப்ளக்ஸை எடுங்கள், நெட்டை அல்ல.

தரவின் தரத்தைச் சொல்லும் டிக்யூ பத்தியைத் தவறாமல் பாருங்கள். ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண் உண்டு, அதிலிருப்பது அவற்றின் கூட்டுத்தொகை. 1040 என்று இருந்தால் 1024-உம் 16-உம் சேர்ந்தது: சிறு கறையும் உண்டு, அந்தப் பிக்சலின் இருள் மின்னோட்டமும் (ஒளி விழாமலே எழும் சிக்னல்) அதிகம். பூஜ்யம் அல்லாத எல்லாவற்றையும் தள்ளினால் நல்ல தரவும் போய்விடும்.

அப்புறம், எனக்கு இரண்டு நாள் வீணான விஷயம். கல்லூரி ஆய்வகத்தில் சோடியம் விளக்கை வைத்து 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் என்று மனப்பாடம் செய்தவன் நான். ஜி750எம் என்ற கீற்றணியில் எடுத்த கோப்பு ஒன்றில் அந்தக் கோடுகள் 5891.6, 5897.6 அருகே நின்றன. அலைநீளம் கூடியிருக்கிறது, ஆகவே நட்சத்திரம் வினாடிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போகிறது என்று நோட்டில் எழுதியே விட்டேன். உண்மையில் ஸ்டிஸ் தருவது வெற்றிட அலைநீளம். நான் படித்தது காற்றில் அளந்தது. நட்சத்திரம் பெரிதாக எங்கும் போகவில்லை.

வேகம் கணக்கிடப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று: கோப்பின் தலைப்புப் பகுதியில் ஹெல்கார் என்ற சொல்லுக்கு எதிரே 'கம்ப்ளீட்' என்று இருந்தால், பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தை ஏற்கெனவே சரிசெய்துவிட்டார்கள். நீங்கள் மறுபடி கழிக்காதீர்கள்.