கதவுக்குப் பின்னால் தொங்கும் சட்டை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 38. கணவர் இரவுப் பணிக்குச் செல்லும் நாள்களில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க என்னால் முடிவதில்லை. கதவுக்குப் பின்னால் மாட்டிய சட்டை, ஆள் நிற்பதுபோலத் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் அசைகிறது. விளக்கைப் போட்டால் சட்டைதான். அணைத்ததும் மறுபடியும் அதே படபடப்பு. பேய் பிசாசில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஏழு வயது மகளோ நிம்மதியாக உறங்குகிறாள். வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டை அசைவதிலிருந்தே தொடங்குகிறேன். அது வெறும் மனப்பிரமை அன்று. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் விழித்திரையின் நடுக்குழியில் இல்லாததால், இருட்டில் ஒன்றை நேராக உற்றுப் பார்க்கும்போது அது மங்குவதும், பார்வையைச் சற்று விலக்கினால் மீண்டும் தெரிவதும் எல்லோருக்கும் நேர்வதே. இப்படி மங்கி மங்கித் தெரிவதே அசைவதுபோலத் தோன்றலாம். கண் இருட்டுக்கு நன்கு பழக ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆகும். இடையில் விளக்கைப் போட்டால், பழகிய கொஞ்சமும் வீணாகிவிடும்.

கண் தெளிவாகக் காட்டாததை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. அதுவும், ஆபத்து இருக்கலாம் என்ற பக்கமே சாய்ந்து. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மின்னதிர்ச்சி உறுதியாக வரும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வருவதற்கும் வராததற்கும் சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான் பங்கேற்றோருக்குப் பதற்றம் மிகுந்திருந்தது. பேயை நம்பாத நீங்கள் அஞ்சுவதில் முரண் ஏதுமில்லை. விடை தெரியாமல் காத்திருப்பதே உங்களை வாட்டுகிறது.

சட்டையை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நாளை அந்த இடத்தில் நாற்காலி வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் விளக்கைப் போட்டதும் கிடைக்கும் ஆறுதல், 'வெளிச்சம்தான் நம்மைக் காப்பாற்றியது' என்றே மனத்துக்குக் கற்பித்து, அடுத்த முறை கையை இன்னும் விரைவாகச் சுவிட்சுக்குக் கொண்டுபோகிறது. ஆகவே படபடப்பு எழுந்தவுடன் விளக்கைப் போடாமல், மூச்சை நிதானமாக வெளிவிட்டபடி முதலில் இரண்டு நிமிடம் மட்டும் இருந்து பாருங்கள். பழகப் பழக நேரத்தைக் கூட்டலாம். படபடப்பு ஏறிய பிறகு தானாகவே இறங்குவதை உடல் ஒருமுறையேனும் முழுமையாக உணர வேண்டும். இதற்குப் பின்னும் மாதக்கணக்கில் உறக்கம் கெட்டால், மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அச்சத்தைத் தூண்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்றாகவே பயன்படுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். கணவர் வீட்டில் இருக்கும் இரவுகளிலும் அந்தச் சட்டை அங்கேயேதான் தொங்குகிறதா? அப்போது அது உங்கள் கண்ணில் படுகிறதா என்று கவனித்து எழுதுங்கள்.