வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாக்களிக்கலாமா? கேள்வி பதில்

வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் இணையம் வழியாக வாக்களிப்பது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். தேர்தல் மென்பொருளில் ஓட்டை தேடுவது என் தொழில். ஆகவே சந்தேகம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

ரகு: பணத்தையே செல்பேசியில் அனுப்புகிறோம். வாக்கை அனுப்பினால் என்ன?

பணம் தவறிப் போனால் கணக்கைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பது வங்கிக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாக்கில் அந்தப் பதிவே இருக்கக் கூடாது. நீங்கள் வாக்களித்தது தெரிய வேண்டும்; யாருக்கு என்பது தேர்தல் அதிகாரிக்கும் தெரியக் கூடாது. அப்படியும் எண்ணிக்கை சரிதான் என்று தோற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அனுப்புவது சுலபம் ஐயா, சிக்கலெல்லாம் இங்கேதான்.

சுமதி: வட ஐரோப்பாவின் சிறு நாடான எஸ்டோனியாவில் மட்டும் இணைய வாக்களிப்பு எப்படி நடக்கிறது?

2005 உள்ளாட்சித் தேர்தலில் தொடங்கினார்கள். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் இணையத்தில் வந்தவை. அங்கே அடையாள அட்டையிலேயே சிப் உண்டு. உள்ளே நுழைய ஒரு இரகசிய எண், கையெழுத்திட இன்னொன்று. வாக்கு முதலில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது, அதன்மேல் உங்கள் மின்னணுக் கையெழுத்து விழுகிறது. எண்ணுவதற்கு முன் கையெழுத்தைக் கழற்றிவிட்டுத்தான் பூட்டைத் திறக்கிறார்கள். வாக்களித்ததும் திரையில் ஒரு க்யூஆர் குறியீடு வரும். அரை மணி நேரத்துக்குள் செல்பேசியில் அதைப் படம்பிடித்தால், சர்வரில் போய்ச் சேர்ந்த வாக்கு யாருக்கு என்று காட்டும். கணினியில் நச்சுநிரல் புகுந்து வாக்கை மாற்றியிருந்தால் இதில் அகப்படும்.

அந்த அட்டை இல்லாத நாடு இதைப் பார்த்துப் படியெடுக்க முடியாது. அட்டையும் அப்பழுக்கற்றதல்ல: 2017இல் சிப்பில் குறை தெரிந்து, இலட்சக்கணக்கான அட்டைகளின் மின்னணுச் சான்றிதழ்களை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

பீட்டர்: வீட்டிலோ வேலையிடத்திலோ யாராவது பக்கத்தில் நின்று மிரட்டினால்?

எஸ்டோனியாவில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி வாக்களிக்கலாம், கடைசியாகப் போட்டதுதான் செல்லும். மிரட்டியவர் போன பிறகு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் அட்டையையே அவர் பிடுங்கி வைத்திருந்தால் இதுவும் உதவாது. தபால் வாக்குக்கும் இதே குறை உண்டு.

நசீமா: உண்மையிலேயே யாராவது ஊடுருவியிருக்கிறார்களா?

எனக்குப் பிடித்த கதை இது. 2010இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், வெளிநாட்டிலும் இராணுவத்திலும் இருப்பவர்களுக்காக ஓர் இணையத்தளம் கட்டினார்கள். தேர்தலுக்கு முன், முடிந்தால் உடைத்துப் பாருங்கள் என்று பகிரங்கமாக அழைத்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 48 மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட்டது. பதிவேற்றும் வாக்குச்சீட்டுக் கோப்பின் பெயரைத் தளம் சரிபார்க்கவில்லை. அந்தப் பெயரிலேயே கட்டளையை ஒளித்து அனுப்பினார்கள். எல்லா வாக்குகளையும் மாற்றினார்கள், சர்வர் அறைக் கேமராவைக்கூடப் பார்த்தார்கள். நன்றி சொல்லும் பக்கத்தில் தங்கள் பல்கலைக்கழகப் பாட்டு ஒலிக்கும்படி வைத்தார்கள். பாட்டு ஒலித்தும் அதிகாரிகள் கண்டுபிடிக்க இரண்டு வேலைநாள் ஆனது! திட்டம் கைவிடப்பட்டது. சோதிக்க அழைத்த துணிவுக்காக அந்த அதிகாரிகளை நான் பாராட்டுவேன்.

குமரன்: எனக்குக் கடவுச்சொல்லே வந்து சேரவில்லை. யாரைக் கேட்பது?

உங்கள் தூதரகத்தை, இன்றைக்கே. இது சின்ன விஷயமல்ல. பிரான்ஸின் 2022 நாடாளுமன்றத் தேர்தலில் வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் இணையத்தில் வாக்களிக்கக் கடவுச்சொல் குறுஞ்செய்தியில் போனது. அர்ஜென்டினாவில் பலருக்கு அது வரவில்லை. அவர்களுக்கான இலத்தீன் அமெரிக்கத் தொகுதியின் முடிவையே 2023 ஜனவரியில் அரசியலமைப்பு மன்றம் செல்லாததாக்கி, மறுதேர்தலுக்கு வழிவிட்டது. ஹேக்கர் யாரும் தேவைப்படவில்லை, குறுஞ்செய்தி போய்ச் சேராததே போதுமாக இருந்தது.

இளங்கோ: வாக்குப்பதிவு கூடுமா?

நார்வே 2011, 2013 தேர்தல்களில் சோதித்தது. கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை; 2014இல் சோதனையை நிறுத்திவிட்டது. ஆனால் அங்கே வாக்குச்சாவடி பக்கத்தில் இருக்கிறது. தூதரகத்துக்கே ஒரு நாள் பயணம் செய்ய வேண்டியவரின் கணக்கு வேறு.

லட்சுமி: நிரப்பிய வாக்குச்சீட்டை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்கிறார்கள், அனுப்பலாமா?

வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும். மின்னஞ்சலில் உங்கள் பெயரும் வாக்கும் ஒன்றாகப் போகின்றன. அமெரிக்காவில் இதை அனுமதிக்கும் சில மாநிலங்கள், இரகசியத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொள்கின்றன. வெற்றுச் சீட்டை இணையத்தில் இறக்கி, அச்சிட்டு, நிரப்பித் தபாலில் அனுப்பும் வழி இருந்தால் அதையே எடுங்கள் அம்மா. சீட்டு உங்களுக்கு வந்துசேர ஆகும் தபால் நாட்கள் மிச்சம், திரும்பிப் போவது காகிதம், மறுபடி எண்ணலாம். கடைசித் தேதி தபால் முத்திரைக்கா, கையில் கிடைப்பதற்கா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.