45 ஆட்டங்கள்தானா?

அன்புள்ள ஐயா,

வில்லி ஓ'ரீ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்.எச்.எல். என்னும் பெரிய ஐஸ் ஹாக்கி லீகில் ஆடிய முதல் கறுப்பினத்தவர், சரி. ஆனால் அங்கே அவர் ஆடியது மொத்தமே 45 ஆட்டங்கள், அடித்தது 4 கோல். மிச்சமெல்லாம் சின்ன லீக். 43 வயது வரை அப்படி அலைந்தது வீண்தானே?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணக்கில் தப்பில்லை. 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக மான்ட்ரியாலில் இறங்கினார். அந்தப் பருவத்தில் 2 ஆட்டம், 1960-61இல் 43. அதோடு சரி.

ஆனால் அன்றைக்கு என்.எச்.எல்.லில் இருந்ததே ஆறு அணிகள். 1967இல்தான் பன்னிரண்டு ஆயிற்று. அதனால் சின்ன லீகில் கிடந்தவர்கள் அரைகுறை ஆட்டக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

அப்புறம் அந்தக் கண். ஜூனியர் பிரிவில் ஆடும்போது பக் முகத்தில் பட்டு வலது கண்ணில் பார்வை போய்விட்டது. (பந்துக்குப் பதில் அவர்கள் அடிக்கும் ரப்பர் வட்டு அது. உறைய வைத்து எடுத்தால் கல் மாதிரி இருக்கும்.) இனி ஆடவே முடியாது என்றார் டாக்டர். ஓ'ரீ விஷயத்தை அணியிடம் மூச்சுவிடவில்லை. அவர் ஆடிய இடமோ இடது விங், அதாவது ஆடுதளத்தின் இடது ஓரம். இடப்பக்கம் வெறும் பலகைச் சுவர். ஆட்டம் முழுக்க வலப்பக்கம், பார்வை இல்லாத பக்கம். பாஸ் வருகிறதா என்று பார்க்கக் கழுத்தை முழுசாகத் திருப்ப வேண்டும். திருப்பிய நேரத்தில் முன்னால் எவன் மோத வருகிறான் என்பது தெரியாது. அந்த 4 கோல் அப்படி அடித்தது.

1961இல் வெஸ்டர்ன் ஹாக்கி லீக் என்ற சின்ன லீகுக்குப் போனார், லாஸ் ஏஞ்சலஸ் பிளேட்ஸ் அணி. அங்கேதான் ஒரு கோச் அவரை வலது விங்குக்கு மாற்றினார். இப்போது சுவர் குருட்டுப் பக்கம், பாஸ் வருவது நல்ல கண் பக்கம். 1964-65இல் 38 கோல்! பிறகு சான் டியேகோ கல்ஸ். 1968-69இல், 33 வயதில், மறுபடியும் 38. தன் ஆட்டத்தை ஆடுவதற்கு அவருக்குச் சரியான இடம் கிடைத்ததே சின்ன லீகில்தான். அதைப் போய் அலைச்சல் என்கிறீர்கள்.

வேறு வேலையும் பார்த்தார். ஆட்டம் நின்றபின் சான் டியேகோ பக்கம் ஒரு ஹோட்டலில் செக்யூரிட்டி. அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 2018இல் ஹாக்கியின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம். பாஸ்டன் அவருடைய 22ஆம் எண்ணை வேறு யாருக்கும் தருவதில்லை என்று அரங்கத்தின் கூரையில் ஏற்றியது 2022இல். சான் டியேகோக்காரர்கள் அவரைக் கொண்டாட அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை.